குழாய் கடிக்குதுடா!

ரொம்ப நாளா எதுவும் எழுதலை. வேலை, பனி, சோம்பேறித்தனம்னு காரணம் மூணு. மூணாவதுதான் உண்மை :) ஆனா மார்கழியில ஊருக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசை அரிச்சுகிட்டே இருக்கு. எழுதிட்டா கொஞ்சம் அடங்கும்னு உட்கார்ந்துட்டேன்.

விஷயம் கரண்ட்டு. அதுவும் பாத்ரூம் லைட்டு, ஸ்விட்சு. 'இதையெல்லாமா எழுதுவாங்க'ன்னு நினைக்கறவங்க, உங்க வீட்டு பாத்ரூம் ஸ்விட்ச் உள்ள இருக்கா வெளிய இருக்கா, யார் போட்டது, எர்த் இருக்கான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு மேல படிங்க.

நம்ம ஊர் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர்ல இருந்து கொஞ்சம் உள்ள போகணும். போளூர்ல பஸ் மாறி, வளைவு வளைவா ஏறி, காது ரெண்டும் அடைச்சா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம். சாமை, புளி, தேன், பலா, சீத்தாப்பழம். சனங்க மலையாளிங்க. கேரளா மலையாளி இல்லைங்க, மலையில இருக்கற மலையாளி. ஒவ்வொரு தடவையும் வேலூர்ல இதை விளக்கியே எனக்கு வயசாகுது.

இன்னொண்ணும் எங்க மலையில உண்டு. இருட்டு. இந்த இருட்டுக்காகவே 1960கள்ல வைணு பாப்புன்னு ஒரு விஞ்ஞானி தேடி வந்து, காவலூர்ல வானாய்வகம் அமைச்சார். 1986ல அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்துச்சு. நட்சத்திரம் பார்க்கறவங்களுக்கு இருட்டு வரம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வெளிய இருக்கற கக்கூஸுக்குப் போற எங்கம்மாவுக்கு அதே இருட்டு பாம்பு, தேள், சில சமயம் கரடி. அதனால எங்க ஊர்ல பாத்ரூம் லைட்டுங்கறது சொகுசு சமாச்சாரம் இல்ல. இதை முதல்லயே சொல்லிடறேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2015. தூய்மை இந்தியா திட்டத்துல கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் தர்றாங்கன்னு சொன்னாங்க. அப்பா அப்ப இருந்தார். அதுகூட புளி வித்த காசையும் போட்டு, வீட்டுல இருந்து பத்தடி தள்ளி கக்கூஸும் குளியலறையும் சேர்த்தே கட்டினார். இரும்புக் குழாய், சிமெண்ட் தரை, தகரக் கதவு. எல்லாம் ஆச்சு, லைட்டு மட்டும் இல்ல. எந்தக் கணக்குலயும் லைட்டுக்குக் காசு ஒதுக்கலை.

'நான் இருக்கேன்ல'ன்னு கிளம்பினேன். பாலிடெக்னிக்ல முதல் வருஷம் ஒயரிங் லேப்ல ஒரு ஸ்விட்ச் ஒரு லைட்டு, மாடிப்படி லைட்டு ரெண்டும் செஞ்சு காட்டி பாஸானவன் நான். வீட்டுல மீந்திருந்த ரெண்டு கோர் ஒயரை எடுத்து, துணி காய வைக்கற கம்பத்து மேலயே இழுத்து, பாத்ரூம் உள்ளயே ஒரு ஸ்விட்ச், ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. அரை நாள் வேலை. போட்ட உடனே எரிஞ்சுது. அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டினார். "பையன் போட்டது." அந்தப் பெருமையிலதான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

அப்பா போனப்புறம், 2021ல அம்மாவுக்கு ஒரு கீசர் வாங்கிக் கொடுத்தேன். மார்கழி தையில எங்க மலைத் தண்ணி எலும்பு வரைக்கும் போகும். பத்து லிட்டர், 2000 வாட். அதையும் நான்தான் மாட்டினேன். அதே ஒயர்லதான்.

ஒயரிங் தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில அடிச்சுகிட்டிருப்பீங்க. அடிங்க.

போன ஐப்பசியில அம்மா போன்ல சொன்னாங்க. "தம்பி, குழாய் கடிக்குதுடா."

"கடிக்குதா?"

"தொட்டா சுருக்குங்குது."

"குளிர்ல கை விறைச்சிருக்கும்மா. வயசாகுதுல்ல."

கார்த்திகையில இன்னொரு தடவை. "லைட்டை நிறுத்தினாலும் மின்மினி மாதிரி லேசா எரியுதுடா." நான், "எல்இடி பல்புன்னா அப்படித்தான் இருக்கும்மா"ன்னேன். பொறியியல் விளக்கம் கொடுத்த திருப்தியோட போனை வச்சேன்.

மார்கழியில அரையாண்டு லீவுக்கு அக்கா பொண்ணு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தா. ஏழு வயசு. அவளைக் கூட்டிட்டு வர நான் போனேன். காலையில அவளைக் குளிக்க வைக்க அம்மா தயாராகறதைத் திண்ணையில இருந்து பார்த்துகிட்டிருந்தேன். அம்மா முதல்ல சாமி ரூம்ல இருந்து உட்கார்ற மர மணையைத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம் தரையில போட்டாங்க. அது மேல ஏறி நின்னாங்க. காஞ்ச துண்டை நாலா மடிச்சு, குழாய்த் திருகைச் சுத்திப் பிடிச்சுத் திறந்தாங்க. பக்கெட் ரொம்பினதும் அதே மாதிரி மூடினாங்க. "பாப்பா, குழாயைத் தொடக் கூடாது. அது கடிக்கும்."

"யார்மா உனக்கு மணை போட்டு நிக்கச் சொன்னது?"

"யார் சொல்லுவா? மணை மேல நின்னா கடிக்கலை. அதான்."

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஓடிப்போய் டெஸ்டரை எடுத்துட்டு வந்து குழாய்ல வச்சேன். எரிஞ்சுது. பளிச்சுனு இல்ல, ஆனா எரிஞ்சுது. மூணு மாசமா அந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. பாலிடெக்னிக் படிச்ச நான் சொன்னது அத்தனையும் தப்பு. மெயினை அணைச்சு, ஃப்யூஸ் கேரியரைக் கழட்டி சட்டைப் பையில போட்டுகிட்டேன். அன்னிக்கு எல்லாருக்கும் விறகடுப்பு வெந்நீர்தான்.

இங்க கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, வகுத்தல் மட்டும்தான்.

நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். காஞ்ச தோல் கரண்ட்டை நல்லாவே தடுக்கும். நனைஞ்ச உடம்புல அந்தத் தடை சுமாரா 1000 ஓம் அளவுக்கு இறங்கிடும். 230ஐ 1000ஆல வகுத்தா 0.23 ஆம்ப், அதாவது 230 மில்லி ஆம்ப். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய எடுத்துக்கறது சுமாரா 260. ஒரு பல்பு எரியற கரண்ட்டை விடக் கம்மி, ஆனா ஒரு இதயத்தை நிறுத்த அது தாராளம்.

அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல சார்லஸ் டால்சீல்னு ஒரு பேராசிரியர் இருந்தார். மனுஷன் கையில கரண்ட் பாஞ்சா எது வரைக்கும் பிடியைத் தானே விட முடியும்னு ஆட்களை வச்சே அளந்தார். ஆம்பளைங்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்ப், பொம்பளைங்களுக்கு பத்தரை. அதுக்கு மேல போனா விரல் தானா இறுக்கிக்கும், விட நினைச்சாலும் விடாது. நம்ம வீட்டுல கரண்ட் பாக்ஸ்ல இருக்கற எம்சிபி 6 ஆம்ப், 16 ஆம்ப்னு இருக்கும். 6 ஆம்ப்ங்கறது 6000 மில்லி ஆம்ப். அது ஒயர் வெந்து போகாம காப்பாத்தறதுக்கு வச்சது. மனுஷன் உயிர் போற கரண்ட் அதோட கண்ணுக்கே தெரியாது.

எங்கம்மாவுக்கு வெறும் 'சுருக்'கோட போனதுக்குக் காரணம் ரெண்டு. கீசர் உள்ள இருக்கற காயில் அப்பதான் கசிய ஆரம்பிச்சிருந்துது, முழுசாப் போகலை. இன்னொண்ணு அந்த மர மணை. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா... வேண்டாம்.

மறுநாள் ஜமுனாமரத்தூர்ல இருந்து ஒரு வயர்மேன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். சான்றிதழ் வச்சிருக்கறவர். இதுல ஒரு விதி இருக்குங்க. பல்பு, ஃப்யூஸ், ஸ்விட்ச் மாதிரி இருக்கறதைக் கழட்டிட்டு அதே மாதிரி மாத்தறதுக்குத் தடை இல்ல. புது ஒயரிங் இழுக்கறதுன்னா உரிமம் உள்ள கான்ட்ராக்டர், சான்றிதழ் உள்ள ஆளுதான் செய்யணும். அந்த விதியை 2015லயே மதிச்சிருந்தா நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அண்ணன் ஒண்ணொண்ணா பிரிச்சார். நான் பக்கத்துல நின்னு என் பாவக் கணக்கைக் கேட்டுகிட்டிருந்தேன்.

"இது யார் சார் போட்டது?"

"ஒரு... தெரிஞ்ச பையன்." (ஹி ஹி)

"அந்தப் பையன் ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டிருக்கான். ஃபேஸ் நேரா ஹோல்டருக்குப் போகுது. ஸ்விட்சை அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். ஈரக் கையோட பல்பைக் கழட்டினா அவ்ளோதான்."

அம்மா சொன்ன மின்மினி வெளிச்சத்துக்கு அதான் காரணம். ஸ்விட்ச் நியூட்ரல்ல இருந்தா, அணைச்சப்புறமும் ஒயர் வழியா கசியற துளி கரண்ட்டே எல்இடியை லேசா மினுக்க வைக்கும். (எல்லா மினுக்கலுக்கும் இது ஒண்ணே காரணம் இல்ல. வெளிச்சம் தெரியற ஸ்விட்ச் வச்சிருந்தாலும் மினுக்கும். ஆனா மினுக்கினா ஒரு தடவை பார்த்துடுங்க.) பழைய குண்டு பல்பு இருந்த வரைக்கும் அந்தத் தப்பு வெளிய தெரியவே இல்ல. அத்தனை வருஷமும் அப்பா அந்த ஹோல்டர்லதான் பல்பு மாத்தியிருக்கார்.

"எர்த் எங்க சார்? மூணு பின் சாக்கெட் இருக்கு, ஒயர் ரெண்டுதான் வருது."

ரெண்டு கோர் ஒயர்ல எர்த் எங்க இருந்து வரும்? 'அப்புறம் இழுத்துக்கலாம்'னு விட்டது. நல்லவேளை நான் இன்னொரு காரியம் பண்ணலைன்னார். சில பேர் எர்த் இல்லைன்னா சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சுடுவாங்களாம். வழியில எங்கயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா, கீசர் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும்.

"லைட்டுக்குப் போட்ட ஒயர்ல கீசரா? தொட்டுப் பாருங்க, ரப்பர் எப்படி மொறுமொறுன்னு ஆயிருக்குன்னு." 2000 வாட்டுன்னா கிட்டத்தட்ட 9 ஆம்ப். அந்த ஒயர் பாவம், அஞ்சாறு மார்கழியா வெந்திருக்கு.

கடைசியா துணிக் கம்பத்தைப் பார்த்தார். இரும்புக் கொடிக் கம்பி மேல என்னோட ஒயர் உரசிகிட்டு இருந்துது. ஒண்ணும் சொல்லலை. என் முகத்தை மட்டும் பார்த்தார். தெரிஞ்ச பையன் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

சரி, எர்த் போட்டுடலாம்னேன். அங்கதான் மலைக்காரங்களுக்கு மட்டும் தனியா ஒரு சிக்கல். கீழ சமவெளியில குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவாங்க. எங்க ஊர்ல அரை முழம் தோண்டினா பாறை. வீட்டுக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவற தண்ணி போற வாழை மரத்தடியில மட்டும் கொஞ்சம் மண் கிடைச்சுது. கிடைச்ச ஆழத்துக்குப் போட்டோம்.

இப்ப இன்னொரு வகுத்தல். பாறை மண்ணு, எர்த்தோட தடை 40 ஓம்னு வச்சுக்குவோம். கீசர்ல ஃபேஸ் ஒயர் உடம்புல பட்டுடுச்சு. 230ஐ 40ஆல வகுத்தா ஆறு ஆம்ப் கூட வராது. 16 ஆம்ப் எம்சிபி 'எவனோ ஒரு ஆள் ஃபேன் போட்டிருக்கான் போல'ன்னு சும்மா இருக்கும். கீசர் உடம்புல கரண்ட் அப்படியே நிக்கும், மீட்டர் சுத்தும், குழாய் கடிக்கும். அதாவது, எர்த் போட்டாச்சுன்னு மட்டும் நிம்மதியாத் தூங்க முடியாது. இது எனக்குத் தெரியவே தெரியாது. எர்த் இருந்தா ஷாக் அடிக்காதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன்.

அதுக்குத்தான் ஆர்சிசிபின்னு ஒரு பெட்டி. பழைய ஆளுங்க இஎல்சிபின்னு சொல்லுவாங்க. வேலை ரொம்ப சுலபம். பள்ளிக்கூடத்துல பசங்களை பீமன் அருவிக்குக் கூட்டிட்டுப் போற வாத்தியார் என்ன பண்ணுவார்? போகும்போது தலையை எண்ணுவார், திரும்பும்போது எண்ணுவார். ஒண்ணு குறைஞ்சாலும் பஸ்ஸை எடுக்க விட மாட்டார். ஆர்சிசிபியும் அதேதான். ஃபேஸ்ல போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல்ல திரும்பணும். 30 மில்லி ஆம்ப் குறைஞ்சா, அது வேற எங்கயோ, ஒருவேளை ஒரு மனுஷன் வழியா மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம். கண் மூடித் திறக்கறதுக்குள்ள கட் பண்ணிடும். எர்த் 40 ஓம் இல்ல, சில நூறு ஓம் இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. பிடி விடாத கரண்ட்டை அளந்தாரே டால்சீல், அவரேதான் 1961ல அமெரிக்காவுல இந்த மாதிரிக் கருவி ஒண்ணையும் வடிவமைச்சார். அளந்து பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை போல.

போளூர் போய் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். ரெண்டு நாள்ல புது ஒயரிங் முடிஞ்சுது. மெயினைப் போட்டோம். லைட் எரிஞ்சுது. கீசரைப் போட்டோம். டப்!

மறுபடி போட்டோம். டப்! மூணாந் தடவையும் டப்!

அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "என்னடா, பழசாவது எரிஞ்சுகிட்டு இருந்துது. இவ்ளோ காசு போட்டு வாங்கினது நிக்கவே மாட்டேங்குது. கழட்டிப் போடு."

வயர்மேன் அண்ணன் சிரிச்சார். "ஆயா, அது ரிப்பேர் இல்ல. நீங்க இத்தனை நாளா சொல்லிட்டு இருந்ததைத்தான் அதுவும் சொல்லுது." மலையில பாதி வீட்டுல இப்படி அடிக்கடி விழுதுன்னு அதைக் கழட்டிட்டு நேரா ஒயரைக் கொடுத்துடறாங்கன்னு வருத்தப்பட்டார். விழுதுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். கசியற இடத்தைத் தேடறதை விட்டுட்டு, கசியுதுன்னு சொல்ற வாயை மூடறோம்.

நான் அதுல ஒண்ணும் பேசலை. அம்மா வாயை மூணு மாசமா மூடினவன் நான்தானே. 30 மில்லி ஆம்புக்கு அந்தப் பெட்டி உடனே நம்பிடுச்சு. எனக்கு டெஸ்டர் எரிய வேண்டியிருந்துது.

கீசரைக் கழட்டி எடுத்தாச்சு. இப்ப எங்க பாத்ரூம் இப்படி இருக்கு. உங்களுக்கு உதவும்னு வரிசையா எழுதறேன்.

1. ஸ்விட்ச் எல்லாம் வெளிய, கதவுக்குப் பக்கத்துல, மழை படாத இடத்துல. நம்ம பாட்டன் காலத்துப் பழக்கம்தான் இது. இங்கிலாந்துல பாத்ரூம் லைட்டுக்கு உள்ள ஸ்விட்ச் வேணும்னா மேல இருந்து தொங்கற கயிறுதான், ஈரக் கை ஸ்விட்ச் மேலயே படாம இருக்க.

2. ஸ்விட்ச் ஃபேஸ்ல. நியூட்ரல்ல இல்ல. ஒவ்வொரு ஸ்விட்சும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு.

3. லைட்டு, தண்ணி புகாத மூடி போட்டது, ஐபி 65னு போட்டிருக்கும். குளிக்கற இடத்துல தரையில இருந்து 2.25 மீட்டர் வரைக்கும் தண்ணி தெறிக்கற எல்லைன்னு பல நாட்டு விதிகள்ல கணக்கு வச்சிருக்காங்க. அதுக்கு மேலதான் மாட்டியிருக்கு. கையைத் தூக்கினாலும் எட்டாது.

4. வீட்டுல இருந்து பாத்ரூமுக்கு பிவிசி பைப் உள்ள மூணு ஒயர். மூணாவது பச்சை, எர்த்து. இரும்புக் குழாயையும் அந்த எர்த்தோட இணைச்சாச்சு. துணிக் கொடி நைலான் கயிறா மாறிடுச்சு.

5. கீசருக்குத் தனி 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி 16 ஆம்ப் எம்சிபி. ஸ்விட்ச் வெளிய, ஃபேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டற மாதிரி. தண்ணி சுட்டதும் அணைச்சுட்டுதான் குளிக்கப் போகணும்.

6. எல்லாத்துக்கும் முன்னாடி ஆர்சிசிபி. மாசம் ஒரு தடவை அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அழுத்தணும். அம்மா அமாவாசைக்கு அமாவாசை அழுத்தறாங்க. மறக்காது பாருங்க.

ஆர்சிசிபி இருந்தா எமனையே ஏமாத்திடலாம்னு இல்ல. ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா அதுக்குத் தெரியாது. போன அளவு திரும்பி வருதுன்னு சும்மா இருக்கும். ஓவர்லோடும் அது பார்க்காது. அதுக்கு எம்சிபி கூடவே வேணும். யாருக்காவது ஷாக் அடிச்சா தொட்டு இழுக்காம முதல்ல மெயினை அணைக்கணும், அப்புறம் 108. இதை வீட்டுல குழந்தைங்களுக்கும் சொல்லி வைங்க.

புது கீசர் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தேன். மாட்டினது வயர்மேன் அண்ணன். நான் ஸ்டூலை மட்டும் பிடிச்சுகிட்டேன். அம்மா குழாயை வெறுங்கையால திறந்து பார்த்தாங்க. ரெண்டு தடவை. "கடிக்கலை"ன்னாங்க. ஆனா அந்த மணை இன்னும் பாத்ரூம்லயே கிடக்கு. "எடுத்துடவா"ன்னு கேட்டதுக்கு, "இருக்கட்டும்டா, அது ஒரு ஓரமா"ன்னுட்டாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் போன் போட்டீங்கன்னா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்கறதோட இதையும் கேளுங்க. "குழாய், சுவிட்சு எதாவது கடிக்குதா?" ஆமான்னு சொன்னா குளிர்னு சொல்லிடாதீங்க. மெயினை அணைக்கச் சொல்லிட்டு ஆளைக் கூப்பிடுங்க.